கிணற்றுப் பங்கும் கம்பெனிப் பங்கும்

(வளரும் பிள்ளைகளோடு பணம் பற்றிப் பேசுவதற்கு ஒரு வீட்டுப் பாடம்)



நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கிறோம். இரவு உண்ணாமையின் காரணத்தை விளக்குகிறோம். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்கிறோம். ஆனால் வீட்டிற்குள் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "நீ போய்ப் படி" என்று பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்தச் சாத்திய கதவினால் நமது குடும்பத்தில் விளைந்தது என்ன என்பதையும், அதன்பின் நாம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய பாடத்தையும் இங்கு எழுதுகிறோம். பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

நாம் செய்த முதற்பிழை

நமது பேரன் பதினோராம் வகுப்பு மாணவன், வயது 16. அடையாற்றிலிருக்கும் அவன் பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்வதால், பள்ளி விட்டதும் மயிலாப்பூரில் உள்ள நம் வீட்டிற்கு வந்துவிடுவான். ஒருநாள் மாலை, "பாட்டி, ஷேர் மார்க்கெட்டில் பணம் போடலாமா?" என்று கேட்டான். நாம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். தலை நிமிராமலேயே, "அது சூதாட்டம். நம் குடும்பத்துக்கு ஆகாது. அந்தப் பேச்சை விடு" என்றோம். அவனும் விட்டுவிட்டான், பேச்சை மட்டும்.

மூன்று மாதங்கள் கழிந்தபின், பள்ளிச் சுற்றுலாவுக்கென்று தனியாகச் சேர்த்திருந்த பணத்தை எடுத்து வரச் சொன்னோம். அவன் முகம் வாடியது. நண்பன் ஒருவனுடைய அண்ணனின் கைப்பேசிக் கணக்கின் வழியாக ஆப்ஷன் வணிகம் செய்து 11,500 ரூபாயை இழந்திருந்தான். பிறந்தநாளுக்குக் கிடைத்தது, பள்ளிப் பரிசாகக் கிடைத்தது, மாதந்தோறும் நாம் கொடுத்தது எல்லாம் அதில் அடக்கம். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றோம். "நீங்கதான் அந்தப் பேச்சே வேண்டாம்னு சொல்லிட்டீங்களே பாட்டி" என்றான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு அது தக்க அடியாக அமைந்தது. மாணவன் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறான் என்பதைக் கேட்டறிந்த பிறகே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முதல் விதி. வீட்டில் அதை மறந்துவிட்டோம். ஆகவே அவனை அமரவைத்து, "உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல், நாம் கேட்கிறோம்" என்றோம். சொற்கள் பலவற்றை அறிந்திருந்தான். ஆனால் பங்கு என்றால் என்ன என்ற கேள்விக்கு அவனிடம் விடையில்லை. அங்கிருந்து பாடம் தொடங்கியது.

முதல் ஞாயிறு: பங்கு என்பது யாது?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும். வந்தவாசிப் பக்கத்திலுள்ள நம் ஊர்க் கிணற்றை அவன் விடுமுறைகளில் கண்டிருக்கிறான். அக்கிணறு நான்கு பங்காளிகளுக்கு உரியது. ஆளுக்குக் கால் பங்கு. முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வார்கள். நல்ல மழை பெய்தால் நால்வர் நிலமும் விளையும். கிணறு வற்றினால் நால்வர் பயிரும் வாடும். தூர் வார வேண்டுமென்றால் செலவில் கால் பங்கை ஒவ்வொருவரும் கொடுத்தாக வேண்டும்.

கம்பெனிப் பங்கும் இத்தகையதே. ஒரு தொழிலை நடத்தும் முதலைப் பல சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை உரிமையாளராக்குகிறார்கள். தொழிலில் இலாபம் வந்தால் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாக வழங்குவார்கள். மீதியைத் தொழிலிலேயே இட்டு வளர்ப்பார்கள். நட்டம் வந்தால் ஈவுத்தொகை கிடைக்காமல் போகலாம், பங்கின் விலையும் இறங்கக்கூடும். ஒரு வேறுபாடு உண்டு. கிணற்றைத் தூர் வாரும் செலவிலிருந்து பங்காளி தப்ப முடியாது. வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கம்பெனியிலோ, பங்கின் முழு விலையைச் செலுத்திவிட்டவர் கம்பெனி எவ்வளவு கடன்பட்டாலும் தாம் போட்ட தொகைக்கு மேல் இழப்பதில்லை. ஆனால் போட்ட தொகை முழுவதையும் இழக்கக்கூடும்.

"அப்படியானால் வாங்குபவன் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டாமா பாட்டி?" என்று பேரன் கேட்டான். முதல் ஞாயிற்றின் பாடம் அந்த ஒரு கேள்வியிலேயே நிறைவேறியது. தான் பணம் போட்ட எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை என்பதை அவனே ஒப்புக்கொண்டான்.

இரண்டாம் ஞாயிறு: விலை வேறு, மதிப்பு வேறு

"பத்து ரூபாய்ப் பங்கு மலிவு, ஆயிரம் ரூபாய்ப் பங்கு விலை அதிகம்" என்பது அவன் எண்ணம். பெரியவர்கள் பலரும் இவ்வாறே எண்ணுகிறார்கள். நம் சென்னையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னோம். 1946ஆம் ஆண்டு திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிப் பின்னர் டயர் உற்பத்தியில் வளர்ந்த எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையை எட்டிய முதற்பங்கு அதுவே. காரணம் என்ன? அந்நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 42 இலட்சந்தான். பலாப்பழத்தைப் பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டின் விலை கூடுதல், நூறு துண்டாக்கினால் குறைவு, பழம் ஒன்றே.

ஒரு கணக்குக் கொடுத்தோம். 42 இலட்சம் பங்குகள், ஒவ்வொன்றும் 1 இலட்சம் ரூபாய், மொத்தம் எவ்வளவு? 42,000 கோடி ரூபாய். வேறொரு நிறுவனத்தில் 100 கோடிப் பங்குகள், ஒவ்வொன்றும் 500 ரூபாய், மொத்தம்? 50,000 கோடி ரூபாய். எனவே 500 ரூபாய்ப் பங்குடைய நிறுவனமே பெரியது. பங்கின் விலையை மட்டும் பார்ப்பவன் துண்டைப் பார்க்கிறான், பழத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்து 72 என்னும் எண்ணின் பயனைக் காட்டினோம். ஆண்டு வட்டி விகிதத்தால் 72ஐ வகுத்தால், கூட்டு வட்டியில் பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 6 விழுக்காடு எனில் 12 ஆண்டுகள். 8 எனில் 9 ஆண்டுகள். 12 எனில் 6 ஆண்டுகள். "24 விழுக்காடு என்றால்?" என்று கேட்டோம். "மூன்றே ஆண்டு!" என்று வியந்தான். "அந்த விடையை நினைவில் வைத்துக்கொள், அடுத்த வாரம் வேண்டியிருக்கும்" என்றோம்.

மூன்றாம் ஞாயிறு: நம்பிக்கை எங்கே முறிந்தது?

அன்று மாலை பேரனை மயிலாப்பூரில் நடைக்கு அழைத்துச் சென்றோம். சமஸ்கிருதக் கல்லூரியின் வாயிலில் நின்று, அதனை 1906ஆம் ஆண்டு நிறுவிய வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி அய்யரைப் பற்றிச் சொன்னோம். அதே 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சென்னையின் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்றான அர்புத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான மக்கள் தம் சேமிப்பை அங்கு வைத்திருந்தார்கள். அதன் கூட்டாளியான சர் ஜார்ஜ் அர்புத்நாட் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றார். பட்டமும் பெருமையும் உடையவர் நடத்திய நிறுவனம் என்பது மக்களைக் காப்பாற்றவில்லை.

அந்த வீழ்ச்சிக்குப் பின், நம்மவரே நடத்தும் வங்கி ஒன்று வேண்டுமென முன்னின்றவர்களுள் முதல்வர் கிருஷ்ணசாமி அய்யர். பலரிடமிருந்து பங்கு முதல் திரட்டப்பட்டு 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியன் வங்கி பணி தொடங்கியது. 1969இல் அது நாட்டுடைமையாயிற்று. 2007இல் பொதுமக்களுக்குப் பங்குகளை வெளியிட்டது. ஒரே ஊரில், ஓராண்டு இடைவெளியில், ஒரு நிறுவனத்தில் போட்ட பணம் மூழ்கியது. இன்னொன்றில் போட்டது தழைத்தது.

தெற்கு மாடவீதிப் பக்கம் வந்தபோது, 1872ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் செய்தியையும் சொன்னோம். வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கவில்லை என்ற புகார்களின்பேரில் 2024 ஆகஸ்ட் மாதம் அதன் நிர்வாக இயக்குநரைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவினர் கைது செய்தனர். குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. நமக்குரிய பாடம் வேறு. நூற்றைம்பது ஆண்டுப் பழமையும் காப்பீடு ஆகாது. வங்கி வைப்புத்தொகைக்கு 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. நிதி நிறுவனங்களின் வைப்புக்கு அந்தக் காப்புறுதி இல்லை. இந்த வேறுபாட்டை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தோம். பயிற்சிப் பள்ளியில் இதனைக் கற்பித்தல் துணைக்கருவி என்பார்கள். 1995ஆம் ஆண்டு, தியாகராய நகரில் இயங்கிய ஒரு நிதி நிறுவனத்தில் நாம் 40,000 ரூபாய் வைப்பாக இட்டதற்கான இரசீது அது. வட்டி 24 விழுக்காடு. பதினான்கு மாதங்கள் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒருநாள் சென்று பார்த்தபோது கதவு பூட்டியிருந்தது. வாயிலில் நின்றவர்களுள் ஆசிரியைகள் பலர்.

"மூன்று ஆண்டில் இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்னவர், அந்த வட்டிக்குப் பணம் எங்கிருந்து எடுப்பார் என்று நீங்கள் கேட்கவில்லையா பாட்டி?" என்றான் பேரன். கணக்கு ஆசிரியையான நாம் கேட்கவில்லை. பக்கத்து இருக்கை ஆசிரியை போட்டிருக்கிறாரே என்று நாமும் போட்டோம். அத்தகைய இடங்களில் பின்னால் வருபவர் போடும் பணமே முன்னால் வந்தவருக்கு வட்டியாகப் போகிறது. புதியவர் வருகை நின்ற நாளில் எல்லாம் நின்றுவிடும் என்பதை விளக்கினோம்.

அப்போது அவனை அழைத்துச் செல்ல வந்திருந்த நமது மகள் வாசற்படியில் நின்று இதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் இத்தனை ஆண்டுகள் சொன்னதில்லை. "அதனால்தான் 1997இல் என்னைப் பொறியியலில் சேர்க்கவில்லையா அம்மா?" என்று கேட்டாள். மதிப்பெண் போதவில்லை என்றே அன்று அவளிடம் சொல்லியிருந்தோம். "ஆம்" என்றோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இரசீதை எடுத்து முழுவதும் படித்துவிட்டு மகனிடம் கொடுத்து, "இதைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்றாள். அதன்பின் பேரன் தன் 11,500 ரூபாயைப் பற்றி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். பெரியவர் தம் பிழையைச் சொன்னாலன்றிச் சிறியவர் தம் பிழையைச் சொல்லார் என்பதை அன்று கண்டோம்.

நான்காம் ஞாயிறு: முதலீடு எது, பந்தயம் எது?

பேரன் செய்த ஆப்ஷன் வணிகத்தைக் கிணற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கிணற்றுப் பங்கு வாங்கியவனுக்குத் தண்ணீரில் உரிமை உண்டு. ஆப்ஷன் வாங்கியவனுக்குக் கிணறும் இல்லை, தண்ணீரும் இல்லை. குறித்த நாளுக்குள் கிணற்றின் விலை ஏறுமா, இறங்குமா என்பதன்மேல் செய்யும் ஒப்பந்தமே அது. வணிகர்கள் தம் இழப்புக்குக் காப்பாக இதனைப் பயன்படுத்துவதுண்டு. கையில் காப்பாற்ற வேண்டிய பொருளே இல்லாதவன் செய்தால் பந்தயமாகிவிடுகிறது. அதில் ஒருவர் பெறுவது மற்றொருவர் இழந்தது. நடுவே தரகும் கட்டணமும் வேறு போகின்றன.

இது நம் அச்சமன்று, கணக்கு. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்படைந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். "வகுப்பில் 100 பேர் தேர்வெழுதி 93 பேர் தோற்றால் அந்தத் தேர்வை என்னவென்பாய்?" என்றோம். அவன் சிரித்தான், பல நாட்களுக்குப் பின் அவன் சிரித்தது அன்றுதான்.

நேரிய பங்கு முதலீட்டிலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 23ஆம் நாள் ஒரே நாளில் சென்செக்ஸ் குறியீடு ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. சனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்டிருந்தது அன்று 26,000க்குக் கீழே இறங்கி நின்றது. அவ்வாண்டு முடிவதற்குள் பழைய உயரத்தைக் கடந்துவிட்டது. ஆனால் மார்ச் மாதக் கடைசியில் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ பணம் கட்ட வேண்டியிருந்தவனுக்கு அந்த ஏற்றத்தால் பயனில்லை. ஆகையால் அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் வேண்டியிருக்கும் பணம் பங்கில் இருத்தல் ஆகாது.

சட்டத்தையும் சொன்னோம். 18 வயது நிரம்பாதவர் பெயரில் பாதுகாவலர் வழியாக டீமேட் கணக்குத் தொடங்கலாம். ஆனால் அவர் தாமே வணிகம் செய்ய இயலாது. முதலீட்டால் வரும் வருமானம் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்தே வரிக்குக் கணக்கிடப்படும். பிறர் கணக்கில் புகுந்து வணிகம் செய்தல் முறையன்று. அது பொய்யாமைக்கும் மாறானது. கைப்பேசிக் குழுக்களில் "இந்தப் பங்கை இன்றே வாங்கு" என்று ஏவுவோர் செபியில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பலாகாது.

பேரன் கேட்டதும் நாம் சொன்னதும்

இறுதியில் பேரன் கேட்ட கேள்வி நம்மைச் சிந்திக்க வைத்தது. "பாட்டி, மதுவும் புகையிலையும் தோலும் விற்கும் கம்பெனியில் நாம் பங்கு வாங்கக் கூடாது, சரி. ஆனால் நாம் வங்கியில் போடும் பணத்தை வங்கி அவர்களுக்கே கடன் கொடுத்தால்? நிஃப்டி 50 நிறுவனங்களையும் மொத்தமாக வாங்கும் நிதித் திட்டத்தில் சிகரெட் கம்பெனியும் இருக்கிறதே?"

முழு விடை நம்மிடம் இல்லை; அதனை அவனிடமே சொன்னோம். இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்டது அணுவிரதம். துறவியரின் மகாவிரதம் அன்று. இயன்ற அளவில், அறிந்தே செய்யும் தீங்கை விலக்குதல் அதன் முதற்படி. நாமே தெரிந்தெடுக்கும் பங்கில் நம் கை நேராகப் படுகிறது. அங்கே விலக்குதல் கடமை. நிதித் திட்டம் எனில் அதிலுள்ள கம்பெனிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துத் தீர்மானித்தல் வேண்டும். வங்கியில் வைத்த பணம் சென்று சேரும் இடம் முழுவதையும் நம்மால் தொடர இயலாது. "இயலாது என்பதற்காக இயல்வதையும் விட்டுவிடலாமா?" என்று நாம் கேட்டோம். அவன் அதனை ஏற்றானா என்பது தெரியாது. ஆனால் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது பொருள் வரைதல். பொருளைத் தேடாதே என்று அது சொல்லவில்லை. எவ்வளவு போதும் என்பதைத் தேடுமுன் தீர்மானி என்கிறது. "எவ்வளவு இழந்தபோது நிறுத்த எண்ணினாய்?" என்று கேட்டதற்கு, "இழந்ததை மீட்டதும் நிறுத்தலாமென்று நினைத்தேன்" என்றான். எல்லை வகுக்காதவனுக்கு இழப்பிலும் நிறுத்தமில்லை, இலாபத்திலும் நிறுத்தமில்லை.

அவன் இழந்த தொகையை நாம் ஈடு செய்யவில்லை. சுற்றுலாவுக்கு அவ்வாண்டு அவன் செல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நீண்ட குறிப்பேடு வாங்கிக் கொடுத்தோம். மூன்று நிறுவனங்களை அவனே தெரிந்தெடுத்திருக்கிறான். பணம் போடவில்லை, ஏட்டில் மட்டுமே வாங்கியிருக்கிறான். அவற்றின் ஆண்டறிக்கையைப் படித்து, அவை என்ன செய்கின்றன, எவ்வளவு கடன் உண்டு, இலாபம் எங்கிருந்து வருகிறது என்பனவற்றை எழுதுகிறான். ஞாயிறுதோறும் விலையைக் குறித்து, ஏறினாலும் இறங்கினாலும் காரணம் எழுத வேண்டும். காரணம் தெரியாவிடில் "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். 18 வயது நிரம்பும்வரை இவ்வாறே. முதல் பக்கத்தில் அந்தப் பழைய இரசீதை ஒட்டி வைத்திருக்கிறான்.

குடும்பத்தில் கூடிப் பேச வினாக்கள்

1. நம் வீட்டுப் பணம் எங்கெங்கே உள்ளது என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா? அவற்றுள் காப்புறுதி உள்ளவை எவை, இல்லாதவை எவை?

2. ஆண்டுக்கு 18 விழுக்காடு தருவதாக ஒருவர் சொன்னால், பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும்? அந்த வட்டியை அவர் எத்தொழிலில் ஈட்டுவார்?

3. பங்கு வாங்க எண்ணும் நிறுவனம் செய்வது யாது? அதனை நம் வீட்டுக் கூடத்தில் வைத்துச் செய்தால் நாம் ஒப்புவோமா?

4. இதுவரை பிள்ளைகளிடம் சொல்லாத பண இழப்பு நமக்கு ஏதேனும் உண்டா? அதனைச் சொல்வதற்கு எது தடை?

நான்காம் வினாவிலிருந்து தொடங்கினால் மற்ற மூன்றும் எளிதாகும் என்பது நமது அனுபவம்.